ரேஷன் அரிசியில் மிதக்கும் மணிகள்... பிளாஸ்டிக்கும் இல்லை, மருந்தும் இல்லை!

ரேஷன் அரிசி வாங்கும் வீடுகளில் உலை வைப்பதற்கு முன்னால் இப்போது கூடுதலாக ஒரு வேலை சேர்ந்திருக்கிறது. அரிசியை முறத்தில் பரப்பி கல், நெல், கருப்பு பொறுக்குவது எப்போதும் உள்ளதுதான். அதோடு, மற்ற அரிசியிலிருந்து நிறம் மாறி, கொஞ்சம் வழவழப்பாகத் தெரியும் சில மணிகளையும் தேடிப் பொறுக்கி எறிகிறார்கள். களையும்போது தண்ணீரில் மிதந்து வந்தால் சந்தேகம் உறுதியாகிவிடுகிறது. "இது பிளாஸ்டிக் அரிசியாம்" என்று வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ, தெருவில் நாலு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சீர்காழி, நெல் விளையும் ஊர். குறுவை, சம்பா, தாளடி என்று பருவம் பார்த்து வாழும் பூமி. இங்கே விளைந்த நெல், நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து அரவை ஆலைக்குப் போய், திரும்ப ரேஷன் கடை வழியாக அதே ஊருக்கு அரிசியாக வருகிறது. பயிர் வைத்தவர்களே "இது அரிசிதானா?" என்று கேட்கும்படி நடுவில் என்னதான் நடந்தது?

அரசுத் தரப்பு, "ரத்தசோகையைப் போக்கும் அரிசி இது" என்கிறது. வதந்தித் தரப்பு, "விஷம்" என்கிறது. இரண்டு பக்கத்துச் சத்தத்தில், கேட்க வேண்டிய கேள்விகள் காணாமல் போய்விட்டன.

அந்த மணி என்னதான்?

அதன் பெயர் செறிவூட்டப்பட்ட அரிசி மணி. அரிசியை மாவாக்கி, அதில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 மூன்றையும் கலந்து பிசைந்து, இயந்திரத்தில் அழுத்திப் பிழிந்து, அரிசி வடிவத்திலேயே வெட்டிக் காயவைக்கிறார்கள். இடியாப்பம் பிழிவது போலத்தான். அச்சு மட்டும் வேறு. இந்த மணிகளைச் சாதாரண அரிசியோடு 100-க்கு 1 என்ற கணக்கில் ஆலையில் கலக்கிறார்கள். 100 கிலோ அரிசியில் 1 கிலோ இந்த மணி.

மாவைப் பிழிந்து செய்தது என்பதால் பார்வைக்கும் தொட்டுப் பார்ப்பதற்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். சில மணிகள் தண்ணீரில் மிதக்கவும் செய்யும். வெந்தால் சோறாகிவிடும். பிளாஸ்டிக் வேகாது, சூட்டில் உருகும்.

வீடியோக்களில் வரும் 'சோதனைகள்' எதையும் நிரூபிப்பதில்லை. சோற்றை உருண்டையாக்கித் தரையில் அடித்தால் துள்ளுகிறது என்கிறார்கள். நன்றாகக் குழைந்த எந்தச் சோற்றை உருட்டினாலும், அதிலுள்ள மாவுச்சத்தின் பசையால் துள்ளும். தீக்குச்சியைக் காட்டினால் எரிகிறது என்கிறார்கள். மாவுச்சத்து எரியும், வீட்டு அரிசியைக் கொளுத்திப் பார்த்தாலும் அதேதான். போலி அரிசி செய்து லாபம் பார்ப்பதென்றால் பிளாஸ்டிக் அரிசியைவிட மலிவாக இருக்க வேண்டும். பொதுவாக அப்படி இருப்பதில்லை.

ஆக, மணியைப் பொறுக்கி எறிவது, அதில் இருக்கும் கொஞ்சநஞ்ச சத்தையும் குப்பையில் போடுவதுதான். 'கொஞ்சநஞ்சம்' என்ற அந்தச் சொல்லில்தான் உண்மையான விவாதம் தொடங்குகிறது.

எப்படி வந்தது?

மத்திய அரசு 2019-20-ல் 15 மாநிலங்களில், மாநிலத்துக்கு ஒரு மாவட்டம் என்ற கணக்கில் முன்னோட்டத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. தமிழ்நாட்டில் அதற்குத் தேர்வானது திருச்சி மாவட்டம். அங்கே 2020-ல் விநியோகம் தொடங்கியது. முன்னோட்டத்தின் மூன்று ஆண்டுக் காலம் முடிவதற்குள்ளேயே, 2021 ஆகஸ்ட் 15 சுதந்திர தின உரையில், 2024-க்குள் எல்லா அரசுத் திட்டங்களிலும் செறிவூட்டப்பட்ட அரிசி வழங்கப்படும் என்று பிரதமர் மோடி அறிவித்தார். 2022 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை அதை மூன்று கட்டமாக விரிவாக்க ஒப்புதல் தந்தது. 2024 அக்டோபரில், 2028 டிசம்பர் வரை நீட்டிக்க 17,082 கோடி ரூபாய் ஒதுக்கியது.

முன்னோட்டம் என்றால், சிறிய இடத்தில் செய்து பார்த்து, பலன் தெரிந்த பிறகு பெரிதாக்குவது. இங்கே பலன் என்ன என்ற பதில் வருவதற்கு முன்பே பெரிதாக்கும் அறிவிப்பு வந்துவிட்டது. பொதுச் சுகாதார நிபுணர்கள் சிலர் எழுப்பிய முதல் கேள்வி இதுதான்.

டெல்டா விவசாயிக்கு இந்த மணி வேறு ஒரு வழியாகவும் அறிமுகமானது. 2025 அக்டோபரில் குறுவை நெல் கொள்முதல் நிலையங்களில் தேங்கி, மழையில் நனைந்தபோது, செறிவூட்டப்பட்ட அரிசி மணிக்கு மத்திய அரசின் ஒப்புதல் தாமதமானதால் அரவை தடைபட்டது என்று மாநில அரசு சொன்னது. எதிர்க்கட்சிகள் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. யார் சொன்னது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். 100-ல் 1 பங்கு மணிக்காக மீதி 99 பங்கும் காத்திருக்க நேரலாம் என்பதை அந்தச் சர்ச்சை காட்டியது.

20 கிலோ கணக்கு

மருத்துவச் செய்தி எதைப் படித்தாலும் முதலில் கேட்க வேண்டியது, 'எவ்வளவு?'

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அளவுப்படி, ஒரு கிலோ செறிவூட்டப்பட்ட அரிசியில் 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்க வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 20 கிலோ ரேஷன் அரிசி என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 167 கிராம். அதன்வழி கிடைக்கும் கூடுதல் இரும்பு, ஏறத்தாழ 4.7 முதல் 7 மில்லிகிராம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வயதுவந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை. அப்படிப் பார்த்தால், இந்த அரிசி தருவது தேவையில் ஆறில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை. ஆனால், அதே ஆவணத்தில் 'சராசரித் தேவை' என்று இன்னொரு எண் இருக்கிறது. அது 15 மில்லிகிராம். அதை வைத்துக் கணக்கிட்டால் மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஏறக்குறைய பாதி வரை! அரிசி ஒன்றுதான். வகுக்கும் எண்ணை மாற்றினால் செய்தியின் தலைப்பே மாறிவிடும். 'இத்தனை சதவிகிதத் தேவையைப் பூர்த்தி செய்கிறது' என்று எந்த உணவைப் பற்றி யார் சொன்னாலும், 'எந்தத் தேவை?' என்று கேட்க இது ஒரு நல்ல காரணம்.

இன்னொரு ஒப்பீடு. கர்ப்பிணிகளுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அரிசி ஒரு வாரத்துக்கு மேல் சேர்த்துத் தரும் அளவு அது. "ரேஷன் அரிசியிலேயே சத்து வந்துவிட்டது, மாத்திரை எதற்கு?" என்று ஒரு கர்ப்பிணிப் பெண் நினைத்துவிட்டால், நல்ல நோக்கத்தில் வந்த அரிசியே அவருக்குக் கெடுதலாகிவிடும்.

சாப்பிடும் இரும்பு முழுவதும் ரத்தத்தில் சேர்வதும் இல்லை. இந்த மணிகளில் பொதுவாகச் சேர்ப்பது ஃபெரிக் பைரோபாஸ்பேட் என்ற உப்பு. அது சோற்றின் நிறத்தையும் ருசியையும் கெடுக்காது என்பது அதன் நன்மை. எளிதில் கரையாததால் உடலில் குறைவாகவே சேரும் என்பது அதன் குறை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் 'காக்ரேன்' அமைப்பு, அரிசிச் செறிவூட்டல் பற்றி 2019-ல் ஒரு மதிப்பாய்வு வெளியிட்டது. அதில் 17 ஆய்வுகள் சேர்க்கப்பட்டன. இரும்பு சேர்த்த அரிசியால் இரும்புச்சத்துக் குறைபாடு குறையலாம். ஆனால் ரத்தசோகை ஏற்படும் வாய்ப்பில் பெரிய மாற்றம் இல்லாமல் போகலாம் என்பது அதன் முடிவு. ஹீமோகுளோபின் சராசரியாக ஒரு லிட்டருக்கு 1.83 கிராம் கூடலாம் என்றது. நம் ஊர் லேப் ரிப்போர்ட்டில் வரும் அளவில் சொன்னால், 0.2-க்கும் குறைவு. 9 என்று இருப்பவருக்கு 9.2 ஆகலாம், அவ்வளவுதான். இந்தச் சான்றுகளின் உறுதியும் குறைவு என்று மதிப்பாய்வே சொல்கிறது.

உலக சுகாதார நிறுவனமோ, அரிசியை முக்கிய உணவாகக் கொண்ட நாடுகளில் இரும்பு சேர்ப்பதை 2018-ல் பரிந்துரைத்தது. சான்றுகளின் உறுதி குறைவு என்பதையும் அதே வழிகாட்டுதலில் குறிப்பிட்டது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. 'செலவு குறைவு, ஆபத்து குறைவு, கொஞ்சம் பலன் இருக்கலாம், செய்து பார்க்கலாம்' என்பது ஒரு நியாயமான முடிவுதான். அதை 'ரத்தசோகையை ஒழிக்கும் அரிசி' என்று விளம்பரம் செய்யும்போதுதான் சிக்கல்.

ரத்தசோகை எவ்வளவு? அதிலும் சண்டை!

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு, 2019-21-ன்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவிகிதம். முந்தைய கணக்கெடுப்பில் பெண்கள் 55, குழந்தைகள் 50.7. மதிய உணவுத் திட்டத்துக்கு முன்னோடியான மாநிலத்தில், பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ரத்தம் குறைவு என்பது அதிர்ச்சியான எண்தான்.

ஆனால், அந்தக் கணக்கெடுப்பில் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அளந்தார்கள். அப்படி எடுக்கும்போது அளவு பிசகலாம். 2016-18-ல் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் கையின் சிரையிலிருந்து ஊசியால் ரத்தம் எடுத்து அளந்தபோது, இந்தியாவில் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் ரத்தசோகை 41 சதவிகிதம் என்று வந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் விரல் நுனி முறையில் வந்த எண் 58.6 சதவிகிதம். வயது வரம்பு சற்று வேறு என்றாலும், இத்தனை பெரிய இடைவெளி அதனால் மட்டும் வந்துவிடாது. இந்தச் சர்ச்சைக்குப் பிறகு, அடுத்த குடும்ப நலக் கணக்கெடுப்பில் ரத்தசோகைப் பரிசோதனையையே எடுத்துவிட்டார்கள். 2024-ல் உலக சுகாதார நிறுவனமும் சிரை ரத்தத்தில் அளப்பதையே பரிந்துரைத்தது. 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கான எல்லையை 11-லிருந்து 10.5 ஆகக் குறைத்தது.

இதற்கு, 'ரத்தசோகை பொய்' என்று அர்த்தமில்லை. ஊசி வழியாக அளந்தாலும் பத்தில் நான்கு குழந்தைகள் என்பது சின்ன எண் இல்லை. ஆனால், அளக்கும் கோல் சரியில்லை என்றால், நாளைக்கு எண்ணிக்கை குறையும்போது அது அரிசியால் குறைந்ததா, கோல் மாறியதால் குறைந்ததா என்று சொல்ல முடியாது.

சீர்காழிக்கு இதில் தனிக் குறையும் உண்டு. மயிலாடுதுறை தனி மாவட்டமாகச் செயல்பாட்டுக்கு வந்தது 2020 டிசம்பரில். 2019-21 கணக்கெடுப்பில் இந்தப் பகுதி பழைய நாகப்பட்டினம் மாவட்டத்துக்குள் அடங்கிவிட்டது. 'எங்கள் மாவட்டத்தில் அரிசி வருவதற்கு முன் எவ்வளவு, வந்த பின் எவ்வளவு?' என்று கேட்டால், ஒப்பிடுவதற்கு 'முன்' என்ற எண்ணே அந்தக் கணக்கெடுப்பில் தனியாக இல்லை.

மூட்டையில் இருந்த எச்சரிக்கை

ரத்தசோகைக்கு எப்போதும் இரும்புக் குறைவுதான் காரணம் என்றில்லை. பி12, ஃபோலிக் அமிலக் குறைவு, குடற்புழு, தொற்று, அதிக மாதவிடாய்ப் போக்கு, தலசீமியா போன்ற பரம்பரை நோய்கள் என்று பல காரணங்கள். தலசீமியா நோயாளிகளுக்கு அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் உடலில் இரும்பு அளவுக்கு மீறிச் சேரும். அதனால், '2018 செறிவூட்டல் விதிகள்' இந்த அரிசிப் பையில், தலசீமியா உள்ளவர்கள் மருத்துவ ஆலோசனையோடு உண்ண வேண்டும் என்ற வாசகத்தைக் கட்டாயமாக்கின. நிபுணர் குழு ஆராய்ந்து ஆபத்தில்லை என்று சொன்னதாகக் கூறி, 2024-ல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. ஒரு யூனிட் ரத்தம் ஏற்றினாலே 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உடலுக்குள் போகிறது. அதோடு ஒப்பிட்டால் அரிசியில் உள்ளது மிகக் குறைவு என்பது அந்தத் தரப்பு வாதம். வாதத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால், ரேஷன் கடையில் அரிசி வாங்கும் எவருக்கும் தெரிந்த ஒன்று உண்டு. மூட்டையைப் பிரித்து, தராசில் அளந்து, நம் பையில் கொட்டுவார்கள். மூட்டையில் என்ன எழுதியிருந்தாலும் அது வீட்டுக்கு வருவதில்லை. எச்சரிக்கை இருந்த காலத்திலும் அது படிக்க வேண்டியவர் கண்ணில் பட்டிருக்க வாய்ப்பு குறைவு. கலந்த மணி என்ன என்பதைக் கடைச் சுவரில் நாலு வரி தமிழில் எழுதி ஒட்டியிருந்தால், பிளாஸ்டிக் வதந்திக்கே பாதி வேலை இல்லாமல் போயிருக்கும்.

'பாரம்பரிய அரிசியே போதும்' என்பதும் கணக்கில் நிற்க வேண்டும்

இந்த விவாதத்தில் மூன்றாவது குரல் ஒன்றும் உண்டு. "அரிசியைத் தீட்டித் தீட்டிச் சத்தை எடுத்துவிட்டு, பிறகு செயற்கையாகச் சேர்ப்பானேன்?" என்பது அது. டெல்டாவில் இந்தக் குரலுக்கு மரியாதை அதிகம். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவையும் நெல் ஜெயராமனையும் அறியாதவர்கள் இங்கே குறைவு.

கேள்வி நியாயமானது, பழையதும்கூட. இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 1918-ல் நம் குன்னூரில் 'பெரிபெரி' நோய் ஆய்வுக்கூடமாகத் தொடங்கியதுதான். தீட்டிய பச்சரிசியை மட்டுமே நம்பி வாழ்ந்தவர்களைத் தாக்கிய நோய் அது. வைட்டமின் பி1 குறைவால் வருவது. நெல்லை அவித்துப் புழுங்கலாக்கும்போது அந்த வைட்டமின் தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்குகிறது. நம் புழுங்கலரிசிப் பழக்கம் ஒரு பாதுகாப்பாக இருந்தது.

ஆனால், இரும்பு விஷயத்தில் அந்த வாதம் அவ்வளவு பலமாக இல்லை. தீட்டாத சாதாரண அரிசியிலேயே 100 கிராமுக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம்தான் இரும்பு. தீட்டினால் முக்கால் மில்லிகிராமுக்கும் கீழே. செறிவூட்டலில் சேர்வது 2.8 முதல் 4.25. பாரம்பரிய ரகங்களைக் காப்பாற்ற ஆயிரம் நல்ல காரணங்கள் உண்டு. ரத்தசோகைக்கு மருந்து என்பது அதில் ஒன்றாக நிற்பது கஷ்டம். 'சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும்' என்று சொல்லப்படும் பீட்ரூட்டிலும் 100 கிராமில் 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லை. அரசுக்குக் கேட்கும் கேள்வியை நம் பக்கத்துக்கும் கேட்பதுதான் நேர்மை.

உப்பு சொல்லித்தரும் பாடம்

உணவில் சத்தைக் கலப்பது இந்தியாவுக்குப் புதிதில்லை. அயோடின் உப்பு அதற்குச் சாட்சி. இமாச்சலின் காங்ரா பள்ளத்தாக்கில் கழுத்துக் கழலை அதிகம். 1956-ல் மருத்துவர் வி.ராமலிங்கசுவாமியின் குழு அந்தப் பகுதியை மூன்றாகப் பிரித்தது. இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பு, ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பு. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு கிடைத்த பகுதிகளில் கழலை நன்றாகக் குறைந்தது. சாதாரண உப்புப் பகுதியில் அப்படிக் குறையவில்லை. அதன் பிறகு 1962-ல் தேசியத் திட்டம் வந்தது.

முதலில் ஒப்பீடு, பிறகு திட்டம். அதனால்தான் அயோடின் உப்பு பற்றி எத்தனை வதந்தி வந்தாலும், பதில் சொல்லக் கையில் ஆதாரம் இருக்கிறது. அரிசிக்கும் அதே மரியாதையைக் கொடுத்திருக்கலாம்.

அதுவரை வீட்டில் என்ன செய்யலாம்?

* மணிகளைப் பொறுக்கி எறிய வேண்டாம். அதிகத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சி வடித்தால் சத்தில் ஒரு பகுதி போய்விடும். அளவாகத் தண்ணீர் வைக்கலாம். வடித்தால் கஞ்சியைக் கொட்டாமல் குடிக்கலாம்.

* சாப்பாட்டோடு நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா ஏதாவது ஒன்று இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் சேர்வது குறையும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடலாம்.

* கீரை, பயறு, முட்டை, மீன், இறைச்சி என்று தட்டில் பல வகை சேர்வதற்கு எந்த அரிசியும் மாற்று இல்லை.

* கர்ப்பிணிகளும் வளரிளம் பெண்களும் அரசு தரும் மாத்திரைகளை அரிசியைக் காரணம் காட்டி நிறுத்தக் கூடாது. பள்ளியில் தரும் குடற்புழு நீக்க மாத்திரையும் ரத்தசோகைக்கு எதிரானதுதான்.

* தொடர்ந்து அசதி, மூச்சிரைப்பு, தலைச்சுற்றல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்க்கலாம். குறைவு என்றால் காரணம் என்ன என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். தலசீமியா உள்ளவர்கள் தங்கள் மருத்துவரிடம் இந்த அரிசி பற்றிச் சொல்லி ஆலோசனை பெறுவது நல்லது.

அடுத்த முறை 'அதிசய உணவு' என்றோ 'விஷ உணவு' என்றோ ஒரு செய்தி போனில் வந்தால், ஃபார்வர்டு செய்வதற்கு முன் மூன்று கேள்விகள் போதும். எவ்வளவு? எதோடு ஒப்பிட்டு? யார், எப்படி அளந்தார்கள்?

அரசிடமும் இதே மூன்றாவது கேள்வியைக் கேட்கலாம். நாற்று நட்டு, களை பறித்து, அந்த நெல்லையே ரேஷனில் அரிசியாக வாங்கிச் சாப்பிடும் டெல்டா பெண்களின் ரத்தத்தில், இத்தனை கோடி செலவுக்குப் பிறகு என்ன மாறியிருக்கிறது என்பதை ஊர் ஊராகச் சரியாக அளந்து வெளியிட வேண்டும். நல்ல எண் வந்தால் வதந்தி தானாக ஓய்ந்துவிடும். வராவிட்டால், அந்தப் பணத்தைப் பயறுக்கும் முட்டைக்கும் கீரைக்கும் திருப்பலாம்.